இரகசியம் பேசத் தகுதியற்ற ஸ்பீக்கர் அண்ணை

வாசகர்களே, உங்களைச் சாட்சியாக அழைத்தே தொடங்குகிறேன். பருத்தித்துறைக் கடைத்தெருவை ஒரு முறையேனும் கடந்திருந்தால், ஸ்பீக்கர் அண்ணையின் குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். யாழ் குடாநாட்டிலேயே இரகசியம் பேசத் தகுதியற்ற ஒரே மனிதர் அவர். அவர் காதோடு காதாக ஒன்றைச் சொன்னால் பல மைல் தள்ளித் தொண்டைமானாற்றில் மீன் கலையும்.

நான் பில் எழுதிய இரும்புக்கடையின் மேற்பார்வையாளர் அவர். நானோ பகலில் ஆணி விற்றாலும் மாலையில் மேடைப் பேச்சாளன். பட்டிமன்றங்களில் நடுவரையே தடுமாற வைத்தவன். அப்படிப்பட்ட எனக்கு ஒரு நாள் மேடையில் ‘வணக்கம்’ என்ற சொல்லே வாயில் வரவில்லை. நித்திரை போயிற்று, காரணமின்றி நெஞ்சு படபடத்தது. வைத்தியர் மனச்சோர்வு என்றார், குளிசை தந்தார். நான் வீட்டுக்குள் அடைந்துகொண்டேன்.

அண்ணை தேடி வந்தார். வாசற் படலையில் நின்றே கதைத்தார். பின்வளவுக் கோழிகள் சிதறின.

“உன்னை ஆர் முழுநாளும் வேலை செய்யச் சொன்னது? காலமை வா, பின்னுக்கு இருந்து போல்ற்றுகளை அளவளவாய்த் தெரி, பிளேன்ரீயைக் குடிச்சிட்டு வீட்டை போ.”

“முதலாளி என்ன சொல்லுவார்?”

“அவரோடை கதைச்சிட்டன். நான் ரோட்டிலை, அவர் மேல்மாடியிலை. ஆனி முடியமுதல் நீ பில் மேசையிலை இருக்கவேணுமாம். இல்லாட்டி வேறை ஆளாம்.”

போனேன். முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அரைநாள். பில் மேசைதான் அச்சமூட்டியது. எங்கள் ஊரில் ஒருவர் சிலநாள் கண்ணிற் படாவிட்டால், காரணம் கேட்காமல் ஆணிகூட வாங்கமாட்டார்கள். ஆகவே என்னைப் பற்றிக் கேட்பவர்களிடம் சொல்ல அண்ணைக்கு ஒரு பொய்யைச் செதுக்கிக் கொடுத்தேன்: ‘தம்பி கொழும்பிலை பயிற்சிக்குப் போயிருந்தவன்.’

ஆனி முடியும் தறுவாயில் மேசையில் அமர்ந்தேன். நைலோன் கயிறு வாங்க வந்த மீனவர் ஒருவர் அண்ணையைக் கேட்டார்: “எங்கை, தம்பியை இவ்வளவு நாளும் காணேல்லை?”

அண்ணைக்குப் பொய் வரவில்லை. மீனவரின் காதருகே குனிந்து, தம்மால் இயன்றளவு மெதுவாகச் சொன்னார்:

“தம்பிக்கு மனம் சுகமில்லாமல் இருந்தது. இப்ப மருந்து எடுக்கிறான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ!”

கடைக்குள் எல்லாத் தலைகளும் திரும்பின. வீதியில் ஓர் ஓட்டோ நின்றது. மேசைக்கடியில் எனக்கு இடம் போதுமா என்று பார்த்தேன்.

மீனவர் கயிற்றை வைத்தார். “உதுக்கேன் ஒளிப்பு? நானும் ஒருக்கா கரையிலை நிண்டு வள்ளத்தைப் பாத்தே நடுங்கினனான். குளிசை எடுத்துத்தான் திரும்பக் கடலுக்குப் போனனான். நீ பில்லை எழுது மோனை.”

பின்னால் நின்ற பெண் கேட்டார்: “என்ரை மகளுக்கும் உந்தப் படபடப்புத்தான். எந்தக் கிளினிக், தம்பி?”

சொன்னேன். நெடுநாட்களுக்குப் பின் என் குரல் தடக்காமல் வந்தது. அவருக்கும் பில் எழுதினேன், அடுத்தவருக்கும். கடை பூட்டும்வரை அந்தக் கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

அண்ணை மட்டும் முகம் வெளிறி நின்றார். “எடேய், மற்றாக்களுக்கும் கேட்டிட்டுதோ?”

“ஓம் அண்ணை. நல்லாய்க் கேட்டது.”

மேடைகளில் எத்தனையோ சூளுரைத்திருக்கிறேன். கைதட்டலோடு அவை முடிந்துபோயின. அன்று கடைவாசலில், போவோர் வருவோர் திரும்பிப் பார்க்க, அவர் கையைப் பிடித்து உரத்துச் சொன்னதை மட்டும் இன்றுவரை காத்து வருகிறேன்:

“அண்ணை, இனி எனக்கு மனம் ஏலாமல் வந்தால் வீட்டுக்குள்ளை ஒளிச்சிருக்கமாட்டன். முதல் உங்களிட்டைத்தான் வந்து சொல்லுவன்.”