மேனுவலில் எடுக்கும் மூத்த மாப்பிள்ளை

வீட்டுக்கு ஒரு புகைப்பட நிபுணர் உண்டு. பெரும்பாலும் அவர் மூத்த மாப்பிள்ளையாகவே இருப்பார். அதனால் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. கழுத்தில் கேமரா, தோளில் பை, பைக்குள் இன்னொரு பை. கேமராவின் திருகு எப்போதும் மேனுவலில்தான் நிற்கும். "ஆட்டோவுல எடுக்கறவனெல்லாம் போட்டோகிராபரா?" என்று கேட்டுவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். ஆட்டோவில் எடுப்பவர்கள் நாம்தானே.

ஒரே ஒரு குறை. ஷட்டரையும் லென்ஸ் துளையையும் தன் கையால் திருகுகிற இந்த மகானுபாவர், கேமராவின் ஒளியுணர்வை, அதுதான் அந்த ஐ.எஸ்.ஓ.வை, வாங்கிய நாள்முதல் ஆட்டோவிலேயே விட்டுவைத்திருப்பார். அது உள்ளே உட்கார்ந்துகொண்டு தன் இஷ்டத்துக்குக் கூட்டுவதும் குறைப்பதும் அவருக்குத் தெரியாது.

நான் அறிந்த மாப்பிள்ளை ஒருவரின் கொழுந்தியாளுக்குப் பதிவுத் திருமணம். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த மாமியாரால் வர முடியவில்லை. மகள் கையெழுத்துப் போடும் படத்துக்காகக் காத்திருந்தார்.

"அத்தான், ஸ்டுடியோக்காரர்கிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள் மணமகள்.

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

மணமகள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னால் பூப்போட்ட ஜன்னல் திரை முழுக்க வெயில். அதைப் பார்த்து மிரண்ட கேமரா ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்தது, முகம் இருண்டது. மாப்பிள்ளை ஷட்டரை மெதுவாக்கி வெளிச்சத்தைக் கூட்டினார். அது இன்னும் குறைத்தது. இவர் கூட்ட, அது குறைக்க, இவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கூட்ட, கறுத்த முகம் கறுத்தபடியே இருக்க, ஷட்டர் மெதுவானதில் அசைந்த அவள் உருவமும் கலங்கிப்போனது. அதற்குள் கையெழுத்து முடிந்துவிட்டது.

"இன்னொரு தடவை போடச் சொல்லுங்க, சார்."

"ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை கல்யாணம் பண்ணிவைக்க எனக்கு அதிகாரம் இல்ல, சார்" என்றார் பதிவாளர்.

மாப்பிள்ளை அசரவில்லை. "ஸ்கிரீன்ல அப்படித்தான் இருட்டாத் தெரியும். கம்ப்யூட்டர்ல போட்டா பளிச்சுன்னு இருக்கும்." இந்த இனத்தின் வேதவாக்கு இது.

மாலையில் மாமியார் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு ரொம்ப சிரமம். திரையில இருக்கற பூ ஒவ்வொண்ணும் தெளிவா விழுந்திருக்கு. இதுல எம்பொண்ணு எங்க இருக்கா?"

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளைக்கு மட்டும் பதில் வந்தது: "இந்தக் கேமரா சரியில்லை, அத்தை. வேற வாங்கணும்."

நீங்கள் சிரித்தது போதும். உங்கள் கேமராவைக் கொஞ்சம் எடுங்கள். திருகு மேனுவலில் இருக்கிறதா? ரொம்ப சந்தோஷம். கேமராத் திரையின் ஓரத்தில் ஐ.எஸ்.ஓ. ஆட்டோ என்று பொடி எழுத்தில் ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால், இந்தக் கட்டுரை உங்கள் மாமியார் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.