எர்த்தம்மாவும் எர்த்து நைனாவும்

வானத்தோடு நேருக்கு நேர் சண்டை போட்ட ஆள் மெட்ராஸ் பட்டணத்திலேயே ஒருவர்தான். மணலிப் பக்கம் ஒரு கருமேகம் தலை காட்டினால் போதும், தொழிற்சாலை மொட்டை மாடியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று அதை முறைப்பார். பாதி மேகங்கள் பயந்துகொண்டு கடல் பக்கம் ஓடிவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். மீதிப் பாதிதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. எலக்ட்ரிகல் ஃபோர்மேன். வாயைத் திறந்தால் மூன்றாவது வார்த்தை ‘எர்த்து’ என்றுதான் வரும் என்பதால் எர்த்து நைனா. ஒடிசலான உடம்பு, அதற்குச் சற்றும் பொருந்தாத தொண்டை, வெயிலானாலும் மழையானாலும் கறுப்புச் சட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டையார்பேட்டைத் தெருமுனைகளில் மேடை போட்டுக் கடவுள் இல்லை என்று பேசுவார். மற்ற நாட்களில் மேடை இல்லாமலே பேசுவார்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த எங்கள் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் என்ற ஒன்று லாரியில் வந்து இறங்கியது. நாலு பீரோக்களை ஒட்டி நிறுத்தினாற்போல இருக்கும். அதற்குத் தனி அறை, தனி ஏ.சி. மேனேஜருக்கே அன்றைக்கு மின்விசிறிதான். கெட்டி அட்டைகளில் ஓட்டை போட்டு அந்த மெஷினுக்குத் தீனி தயாரிக்கும் வேலைக்கு நாலு பெண்களை எடுத்தார்கள். ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போன நான் அதில் ஒருத்தி. அப்பா துறைமுகத்தில் காலை உடைத்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். தம்பிகள் பள்ளிக்கூடத்தில். எங்கள் வீட்டு அடுப்பு அந்த அட்டை ஓட்டைகளில்தான் எரிந்தது.

வந்த வருஷமே, ஒரு ஆவணி மாத மத்தியானம், இடி இடித்தது. அறையில் ஒரு ‘பட்’ சத்தம். மெஷின் கண்ணை மூடிக்கொண்டது. பம்பாயிலிருந்து என்ஜினியர் வந்து, கருகிய பாகங்களை மாற்றி, அதை எழுப்பி உட்காரவைக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. மேனேஜர் நல்ல மனுஷர். எங்களைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார். இன்னொரு தடவை இப்படி ஆனால் மெஷினைப் பம்பாய்க்கே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், உங்கள் பிரிவையும் மூடிவிடுவார்கள், என் கையில் எதுவும் இல்லை. அன்றிலிருந்து இடிச் சத்தம் கேட்டால் நான் முதலில் மெஷினைத்தான் திரும்பிப் பார்ப்பேன்.

அந்த மெஷினைக் காப்பாற்றும் பொறுப்பைத்தான் எர்த்து நைனாவிடம் கொடுத்தார்கள். அவர் துப்பறியத் தொடங்கிய அழகைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் கருகிய பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தார். காசிமேட்டில் வஞ்சிரம் வாங்குகிறவர் செவுளைத் திறந்து பார்ப்பாரே, அதே முகபாவம். மோந்து முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

குற்றவாளி எங்கள் நைலெக்ஸ் புடவை என்றார். அது உரசி உரசிக் குட்டி மின்னல் உண்டாக்குகிறதாம். நாளையிலிருந்து எல்லோரும் பருத்திப் புடவை. அத்தோடு விடவில்லை. வாசலில் ஒரு இரும்புக் கம்பியை நட்டு, உள்ளே வருகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்றார். மேனேஜரும் தொட்டார். ஒருநாள் தணிக்கைக்கு வந்த பெரிய அதிகாரி, ஏதோ கோயில் வழக்கம் என்று நினைத்துக் கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நைனா மறுநாளே கம்பிக்கு மேல் ‘இது சாமி இல்லை’ என்று ஒரு பலகை மாட்டினார்.

அடுத்த சந்தேகம் கேண்டீன் கிரைண்டர் மேல். அது ஓடும்போது லைன் துடிக்கிறது என்று சொல்லி அதை நிறுத்தினார். காலையில் இட்லி இல்லை, உப்புமா. மறுநாளும் உப்புமா. அதற்கு மறுநாள் சங்கத்துக்காரர்கள் கொடியோடு வந்துவிட்டார்கள். அப்புறம்தான் கம்ப்யூட்டர் லைனிலேயே ஒரு குண்டு பல்பை மாட்டிவிட்டு, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நாள் முழுக்க அதையே பார்த்தார். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் பெரிய மோட்டார் கிளம்பும்போதெல்லாம் பல்பு மங்கி மங்கி எரிந்தது. மெஷினுக்குத் தனி லைன் இழுத்தார்கள். கிரைண்டர் நிரபராதி என்று தெரிந்ததும் தொழிலாளிகள் அதற்கு மாலை போட்டார்கள். அதையும் நைனா ரசிக்கவில்லை.

மின்னலுக்கு வைத்தியம் அதற்குப் பிறகுதான் பிடிபட்டது. மணலிப் பக்கம் கறுத்தால் என்ன செய்யவேண்டும் என்று ஒரு ஒழுங்கு போட்டார். முதலில் ஓடும் வேலையை நிறுத்தி மெஷினை அணைக்கவேண்டும். பிறகு மெயினை இறக்கவேண்டும். பிறகு டெலிபோன் கம்பி, கடைசியாக, வருகை பதியும் டைம் ஆபீஸுக்குப் போகும் கம்பி, எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கரண்ட் கம்பியை மட்டும் பிடுங்கினால் போதாதா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“மின்னலு அவசரக்காரன்மே. மண்ணுக்குள்ள போயி சேரணும், அவ்ளோதான் அவனுக்கு. எந்தக் கம்பி கெடைச்சாலும் ஏறி வருவான். நாம வழி வுடலேன்னா மெஷினு வழியா பூடுவான்.”

அந்த வழியை விடுவதுதான் எர்த்துக் குழி. மதில் ஓரத்தில் இருந்த பழைய குழியைத் தோண்டிப் பார்த்தால், உள்ளே மண் வறண்டு கிடந்தது. மின்னல் இறங்க வழியில்லாமல் மெஷினில் புகுந்ததற்குக் காரணம் அதுதான் என்று அறிவித்தார். இந்தத் தடவை சரியாகவே சொன்னார். புதுக் குழி வெட்டி, செப்புத் தகடு புதைத்து, எண்ணூர் உப்பளத்திலிருந்து மூட்டையில் வந்த கல் உப்பையும் கரியையும் அடுக்கடுக்காகக் கொட்டினார். மண் எப்போதும் ஈரமாக இருந்தால்தான் குழி வேலை செய்யும். ஆகவே தினமும் காலையில் வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு, ஒரு குடம் தண்ணீரும் ஒரு பிடி உப்பும் குழிக்குப் போடுவார். போடும்போது மின்சாரக்காரர்களை வாய்க்குள் திட்டிக்கொண்டே இருப்பார். பிறகு ஒரு மீட்டர் பெட்டியை வைத்துக் கைப்பிடியைக் கிறுகிறுவென்று சுற்றி, குழியின் நிலைமையை முள்ளில் பார்ப்பார்.

இதைத் தள்ளி நின்று பார்ப்பவர்களுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். காலை வேளை. குடத்தில் தண்ணீர். அம்மனுக்குப் போடுவதுபோல உப்பு. வாய் முணுமுணுக்கிறது. லோடு ஏற்றும் ஆட்கள் ஒரு வாரம் பார்த்தார்கள். அடுத்த வாரம் குழியருகே ஒரு கல் முளைத்தது. அதன்மேல் மஞ்சள், குங்குமம், வேப்பிலை. மதிலுக்கு அப்பால் இருந்த மீனவர் குப்பத்துப் பெண்கள், மதில் ஓட்டை வழியாக வந்து தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். எர்த்தம்மா என்று பெயரும் வைத்தாயிற்று. ஒருநாள் மெழுகுவர்த்தி ஒன்றும் எரிந்துகொண்டிருந்தது. மாதா கோயிலுக்குப் போகிறவள் என்று நைனா என்னைத்தான் முறைத்தார். சத்தியமாக நான் இல்லை.

அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டத்தை எந்த அம்மனும் ஆடியிருக்க முடியாது. கல்லைப் பிடுங்கிப் பழைய இரும்புக் கொட்டகைக்குப் பின்னால் வீசினார். உணவு இடைவேளையில் டிரம் மேல் ஏறி, இது தகடு, இது கரி, இதில் சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று முழங்கினார். கூட்டம் பயபக்தியோடு கேட்டுவிட்டுக் கலைந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் குழிப் பக்கமே போகவில்லை. தண்ணீர் ஊற்றும் வேலை மறுபடி அவர் ஒருவருடையதாயிற்று.

அடுத்த வருஷம் ஆனி மாதம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். கல்லைத் தூக்கி எறிந்தவருக்கு மஞ்சளிலேயே வியாதி வந்ததைப் பற்றித் தொழிற்சாலையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. போதாக்குறைக்கு அந்த வருஷம் ஊரெங்கும் தண்ணீர்ப் பஞ்சம். குழாயில் காற்றுதான் வந்தது. குழிக்குத் தண்ணீர் ஊற்றும்படி மேனேஜர் வாட்ச்மேனிடம் சொல்லியிருந்தார். மனுஷன் குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது பள்ளத்துக்கு எதற்கு என்று வாட்ச்மேன் அந்தக் குடத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் என் குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். மண் அதைக் குடித்த அடையாளமே காட்டவில்லை. முள்ளைப் பார்த்த உதவி எலக்ட்ரீஷியன் உதட்டைப் பிதுக்கினார். மணலிப் பக்கம் சாயங்காலங்களில் மேகம் கூடத் தொடங்கியிருந்தது.

தண்டையார்பேட்டையில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். பாயில் சுருண்டு கிடந்தார். கண்ணெல்லாம் மஞ்சள். அந்தத் தொண்டை மட்டும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. குழி காய்ந்துவிட்டது, யாரும் ஊற்ற மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவின் கால், தம்பிகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சேர்த்து அழுதேன்.

அவர் கையை ஊன்றிப் பாதி எழுந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

“அந்தக் கல்லு எங்க கீது?”

“நீங்கதான நைனா கொட்டாய்க்குப் பின்னால தூக்கிப் போட்டீங்க.”

“எடுத்தாந்து வெச்சுடு. மஞ்சா பூசி, குங்குமம் வெய்யி.”

ஜுரத்தில் பிதற்றுகிறார் என்று நினைத்தேன். அவர் மனைவியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நைனா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“இத்தினி வருசமா இல்லேன்னு பேசிகினு கீறேன். இப்பவும் இல்லதான். மேடையில எவனா கேட்டா நான் பதிலு சொல்லிக்கிறேன். நீங்க நாலு பொண்ணுங்களும் வேல பூட்டு வூட்ல குந்திகினா, அதுக்கு எங்கிட்ட பதிலு இல்ல.”

நான் கிளம்ப எழுந்தபோது, “கல்லு உப்பா போடச் சொல்லு” என்றார்.

ராயபுரத்தில் ஜெபமாலை உருட்டி வளர்ந்த நான், மறுநாள் கொட்டகைக்குப் பின்னால் போய் அம்மனைத் தேடி எடுத்து வந்தேன். மாதா புரிந்துகொள்வாள் என்று நம்பிக்கை. கேண்டீன் அக்கா மஞ்சள் பூசிக் கொடுத்தாள். நைனாவே அனுப்பினார் என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவருக்கும் அம்மாவுக்கும் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி குப்பம் வரைக்கும் ஒரே நாளில் போயிற்று. அடிபம்பில் காத்துக் கிடந்து பிடித்த தண்ணீரில் ஒரு செம்பு எர்த்தம்மாவுக்கு என்று எடுத்து வைத்தார்கள். மீன்கூடையைத் தூக்கும் முன்னால் வந்து ஊற்றிவிட்டுப் போனார்கள். தன் வீட்டுக்குக் குடம் கொண்டுபோன வாட்ச்மேன்தான் வரிசையில் முதல் ஆள். ஆடி பிறந்ததும் கூழ் ஊற்ற வந்தார்கள். குழிக்குள் கூழ் வேண்டாம், அம்மாவுக்குத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று கெஞ்சிக் கூத்தாடித் தடுத்தேன். முள் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு வந்தது.

ஆடிக் கடைசியில் அது வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டு. மெஷினை அணைத்ததும் மேனேஜரே ஓடிவந்து மெயினை இறக்கினார். நாங்கள் டெலிபோன் கம்பியையும் டைம் ஆபீஸ் கம்பியையும் கழற்றிப் போட்டுவிட்டு, மேஜைக்கடியில் கூடி உட்கார்ந்தோம். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், கூடவே கட்டடம் குலுங்கும் இடி. மதில் ஓரத்தில், குழிக்குப் பக்கத்து விளக்குக் கம்பத்திலேயே விழுந்தது. டைம் ஆபீஸ் கடிகாரம் போயிற்று. டெலிபோன்கள் செத்தன. பாவம், ஒரு குற்றமும் செய்யாத கிரைண்டர் மோட்டார் கருகிப் போயிற்று.

மறுநாள் காலை மெஷினைப் போட்டபோது நாங்கள் நால்வரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. அட்டைகளை உள்ளே கொடுத்ததும் கடகடவென்று விழுங்கியது. அந்தச் சத்தத்தை விட இனிமையான சங்கீதத்தை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை. பிரிவு இங்கேயே இருக்கும் என்று பம்பாயிலிருந்து அந்த வாரமே பதில் வந்துவிட்டது.

உடம்பு தேறி நைனா வேலைக்குத் திரும்பிய நாளில் குப்பமே மதில் ஓட்டை வழியாக உள்ளே வந்திருந்தது. எர்த்தம்மாவை முதலில் கண்டெடுத்தவர் ஆயிற்றே, பரிவட்டம் கட்டவேண்டுமாம். மஞ்சள் துணியோடு ஒரு பெரியவர் அவர் முன்னால் போய் நின்றார். கறுப்புச் சட்டை மேல் மஞ்சள் துணியா. நாங்கள் ஜன்னலில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். வேண்டாம் என்று அவர் ஒரு சொல் சொன்னால், நாளைக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு கை வராது.

அவர் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து கொடுத்தார்.

துணியைக் கட்டிய கையோடு, மீட்டர் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். பரிவட்டத்தோடு உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினார். கூட்டம் முள்ளை எட்டி எட்டிப் பார்த்தது. முள்ளை உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, “நல்லா கீது” என்றார். அம்மா அருள்வாக்கு என்று பெண்கள் குலவையிட்டார்கள். நைனா தலையில் அடித்துக்கொள்ளப் போய், அங்கே துணி இருந்ததால் கையை இறக்கிக்கொண்டார்.

எர்த்தம்மாவை நான் ஒருநாளும் கும்பிட்டதில்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஜன்னலில் நின்றுகொண்டு, அந்த மனுஷனைப் பார்த்துக் கை கூப்பியது நினைவிருக்கிறது.