கனடாத் தேர்தலும் என் மகளின் கலியாண ஓலையும்

அன்புள்ள மச்சான் லெஸ்லிக்கு,

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து உன் அத்தான் செபமாலைமுத்து எழுதுவது. ஆண்டவரின் இரக்கத்தால் நானும் உன் அக்கா டொலறசும் உடம்பு சுகமாய் இருக்கிறோம். மனச்சுகத்தைப் பற்றிக் கேட்காதே. அங்கே ரஜனியும் பிள்ளைகளும் நலமாய் இருக்க மன்றாடுகிறேன். இவ்வளவும் மரியாதைக்கு எழுதினது. இனி விஷயத்துக்கு வாறன்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் நம்பருக்கு அடித்தால் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெடியன் எடுத்து, உங்கள் ஆதரவை நம்பலாமா என்று கேட்கிறான். நான் லண்டனடா தம்பி என்றேன். பரவாயில்லை, ஸ்காபரோவில் உங்களுக்கு எத்தனை சொந்தக்காரர் என்கிறான். பெண்டாட்டியின் தம்பியோடு கதைக்கிறதுக்கு நான் அப்பொயின்ட்மென்ட் எடுக்க வேணுமோ?

நீ பெடரல் தேர்தலில் நிற்கிறாய் என்று கேட்டபோது ஊரெல்லாம் போன் எடுத்துப் பெருமை அடித்தவன் நான். ஆனால் நிற்கிறதுக்கு அந்தப் பெரிய நாட்டில் வேறு தொகுதியே கிடைக்கவில்லையா உனக்கு? நீ குடியிருக்கிறது மார்க்கம் நகரத்தில், நிற்கிற ஸ்காபரோவில் உனக்கே வோட்டு இல்லை. அப்படிப்பட்டவன் தேடிப் போய், என் சம்பந்தி அலோசியசின் தங்கச்சி மகள் மெலனி மற்றக் கட்சியில் நிற்கிற அதே தொகுதியிலா போய் நிற்பாய்? என் மகள் டிலக்சனாவுக்கும் சம்பந்தியின் மகன் ஜெரோசனுக்கும் ஆவணியில் கலியாணம் என்று தெரியாதோ? நிச்சயதார்த்தத்துக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுப் போனவன்தானே நீ!

அந்த நிச்சயதார்த்தப் படத்தைத்தான் உன் தேர்தல் நோட்டீசில் போட்டிருக்கிறாய். நடுவில் நீ. பக்கத்தில் வாய்க்குள் பற்றிசோடு என் சம்பந்தி. கீழே, 'லெஸ்லியோடு நிற்கும் குடும்பங்கள்.' எட மடையா, அந்த நோட்டீஸ் மெலனியின் தாய் வீட்டிலேயே போய் விழுந்திருக்கு. மனுசி சொந்த அண்ணன் எதிர்க்கட்சி நோட்டீசில் நின்று பற்றிஸ் தின்னுறதைக் கண்டு, லண்டனுக்குப் போன் எடுத்துக் குளறி அழுதிருக்கிறா. சம்பந்தி எனக்கு எடுத்து, 'என்ர தங்கச்சி என்னோட கதைக்கிறாள் இல்லை, இதுக்கு ஆர் பொறுப்பு?' எண்டு கேட்டார்.

இதுக்குள்ளே உன் அக்கா, நீ பார்சலில் அனுப்பின தேர்தல் பலகையை எங்கள் வீட்டு முன்னால் குத்தி வைத்துவிட்டாள். கனடாத் தேர்தலுக்கு ஃபாரஸ்ட் கேட்டில் பலகை எதுக்கடி என்றால், 'என்ர தம்பி நிக்கிறான், நான் வைப்பன்' என்கிறாள். பக்கத்து வீட்டுப் பாலேந்திரா அதைப் பார்த்துவிட்டு, 'அண்ணை, உந்த ஆளிட்டச் சொல்லி எங்கட றோட்டுக் குப்பையை எடுப்பிக்கேலாதோ?' என்கிறார்.

போன ஞாயிறு தமிழ்ப் பூசை. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் உன் வெற்றிக்காக உன் அக்கா பூசைக்கு வேண்டுதல் கருத்துக் கொடுத்திருக்கிறாள். மெலனியின் வெற்றிக்காக விம்பிள்டனிலிருந்து சம்பந்தி வீட்டாரும் கொடுத்திருக்கினம். சுவாமியார் பாவம், ஒரே மூச்சில், 'கனடாத் தேர்தலில் நிற்கும் லெஸ்லியின் வெற்றிக்காகவும், அதே தொகுதியில் நிற்கும் மெலனியின் வெற்றிக்காகவும்' என்று வாசித்தார். சனம் முழுக்க, 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்றது. ஆண்டவர்தான் என்ன செய்வார்? பின்வாங்கில் ஆரோ கெக்கட்டம் விட்டுச் சிரிச்சான். பூசை முடிவில் பிள்ளைகளின் கலியாண ஓலையை, மூன்று ஞாயிறு வாசிக்கிறதில் முதல் தரம், வாசித்தார்கள். 'இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள்' என்றதும் சம்பந்தி இருமினார். சாதாரண இருமல் இல்லை, கோயிலே திரும்பிப் பார்த்தது.

வெளியே ஹோலில் தேத்தண்ணி குடிக்கேக்க, ஆக்கள் எல்லாருக்கும் முன்னால், 'உங்கட மச்சான் விலகாட்டில் அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்க விடமாட்டன்' எண்டு சொல்லிப்போட்டார். டிலக்சனா அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றவள். பிறகு ஜெரோசனைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். லெஸ்லி, இருக்கிறது ஒரே ஒரு பெட்டை.

ஆனபடியால் என் முடிவைக் கேள். உடனே தேர்தலிலிருந்து விலகு. கனடாவைக் காப்பாற்ற ஆயிரம் பேர் இருக்கினம், என் பிள்ளைக்குத் தாய்மாமன் நீ ஒருத்தன்தான். ஏலாது எண்டால் இந்த வீட்டு வாசல் மிதிக்காதை.

மடு மாதாவின் ஆசீர் உன் வீட்டார் எல்லார் மேலும் நிறைவாய் இறங்குவதாக. உன் மேல் கொஞ்சம் குறைவாய் இறங்கினாலும் எனக்குக் கவலை இல்லை.

கோபத்துடன் உன் அத்தான்,
செபமாலைமுத்து

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரம் சம்பந்தி வந்து கதவை உடைக்கிறமாதிரித் தட்டினார். கையில் போன். டிலக்சனாவும் ஜெரோசனும் உங்கள் தொகுதியில் நிற்கிற மூன்றாவது ஆளை ஆதரித்து வீடியோ போட்டிருக்குதுகள்! 'ஒரு பக்கம் எங்கட மாமா, மற்றப் பக்கம் எங்கட மச்சாள். ஒரு கலியாணத்தையே சண்டை பிடிக்காமல் நடத்தத் தெரியாத குடும்பங்கள். யோசிச்சு வோட்டுப் போடுங்கோ' எண்டு ரெண்டும் பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லுதுகள். சம்பந்தியும் நானும் ஒரே சோபாவில் இருந்து, அந்த மூன்றாவது ஆளை அவன்ர பரம்பரையோடு சேர்த்துத் திட்டித் தீர்த்தோம். ஆகையால், மேலே எழுதினதை மற. நீ விலகக் கூடாது. மெலனியும் விலகக் கூடாது. வெல்லுறது எங்கட ரெண்டு வீட்டில் ஒண்டாய் இருக்கவேணும். ஓலையை அடுத்த ஞாயிறு கட்டாயம் வாசிக்கவேணும் என்று சம்பந்தியே சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் டிலக்சனாவைக் கூப்பிட்டு, குடும்ப மானத்தை வாங்கிப்போட்டியேடி என்று கத்தினேன். 'அப்பா, ஜெரோசன்ர அப்பா வரேக்க கோவமாய் வந்தவர். போகேக்க உங்களைக் கட்டிப் பிடிச்சுப்போட்டெல்லோ போனவர்?' என்று கேட்டுவிட்டு, என் கண் முன்னாலேயே அந்த வீடியோவை அழித்தாள்.