பிரேக் தகட்டில் முப்பத்தாறு ஓட்டை

திருப்பூரே குனிந்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த காலத்தில், கண்ணில் பட்டதில் எல்லாம் ஓட்டை போட்டே தீருவேன் என்று நின்ற மனிதர் எங்கள் ஊரான நெருப்பெரிச்சலின் காஜாக்காரர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடம் காஜா மெஷின் ஓட்டியவர். அதாவது சட்டைக்குப் பட்டன் ஓட்டை போடுகிற வேலை. ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு, வருடத்துக்கு முந்நூறு நாள் என்று வைத்து ஒருமுறை கணக்குப் போட்டேன். அறுபத்து நான்கு லட்சத்து எண்பதாயிரம் ஓட்டை. வேலையை விட்டால் அந்தக் கை சும்மா இருக்குமா? இரண்டாயிரத்து நான்கு வாக்கில் என் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் டிரில் மெஷினோடு ஒர்க்‌ஷாப் ஆரம்பித்தார். நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ரத்தக் கொதிப்பு உள்ளவன். காலை எட்டேகாலுக்குத் தொடங்கும் டிரில், மத்தியானச் சாப்பாட்டுக்குள் சராசரி நாற்பத்தொரு தடவை அலறும்.

செருப்பில் காலுக்குப் பதினான்கு ஓட்டை. குடைப்பிடியில் ஆறு. ஊத்துக்குளியிலிருந்து வெண்ணெய் வந்த டப்பாவின் மூடியில் இருபத்தைந்து. அவர் மனைவி சரசக்கா அந்த மூடியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க இத்தனை ஓட்டை?" என்று நான் கேட்டால் ஒரே பதில்தான்.

"காத்தோட்டமுங்க."

ஒருநாள் கணியூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கிடந்த பழைய கார் ஒன்றைக் கட்டி இழுத்து வந்தார். பின்சீட்டில் பதினொரு கோழிமுட்டை இருந்தன. காரை விடப் பெரிய ஆபத்து அவர் கையில் இருந்தது. பழைய கம்பெனிக்கு வந்த வெள்ளைக்காரர் மறந்து விட்டுப்போன ஒரு கார் புத்தகம். 'ஹாட் ராட்' என்று அந்த ஊர்க்காரர்கள் பழைய காரைச் செதுக்கி வைத்துக்கொள்கிற பைத்தியத்தைப் பற்றியது. மட்கார்டு இல்லாத அந்த வண்டிகளில், முன்சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் ஷூவைத் தாங்குகிற வட்டத் தகடு வெளியே தெரிந்தது. தகட்டைச் சுற்றி வரிசையாக ஓட்டைகள். அழகுக்காக.

"பாத்தீங்களா வாத்தியாருங்க! பிரேக்குக்கே காஜா எடுத்திருக்கான்!"

மட்கார்டைக் கழற்றச் சரசக்கா விடவில்லை. "சேறெல்லாம் என்ற சீலையில அடிக்கோணுமா?" என்று கேட்டுவிட்டார். ஆக, ஓட்டை போட்டாலும் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. காஜாக்காரர் அசரவில்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தி, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்தால் தெரியும் என்றார்.

"குனிஞ்சு பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சாப் போதுமுங்க."

தகட்டுக்கு முப்பத்தாறு ஓட்டை. பத்து டிகிரிக்கு ஒன்று. புள்ளி வைத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அவர் கண்ணளவில் போட்டால் முப்பத்தெட்டாகிவிடுமே என்ற கவலையில் போனேன். சட்டைக்கு அட்டையில் பேட்டர்ன் வெட்டுவதுபோல் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு வட்ட அட்டை வெட்டி வைத்திருந்தார். ஓய்வு பெற்று ஏழு வருடத்துக்குப் பிறகு கோணமானியை எடுத்து, கட்டிங் டேபிள் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். அன்றைக்கு டிரில் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

ஒரு மாதம் வண்டி ஓடியது. ஒருநாள் மிதித்த பிரேக் பிடிக்காமல், எதிரே இருந்த நிட்டிங் மில்லின் திறந்த கேட்டுக்குள் நுழைந்து, துணி ரோல்கள் மேல் மெத்தென்று மோதி நின்றது. யாருக்கும் அடியில்லை. சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே, ஓட்டை வழியாகப் புகுந்த பஞ்சு, ஒரு தலையணைக்குப் போதும்! எங்கள் பகுதிக் காற்றில் பாதி பஞ்சுதான். வெள்ளைக்காரன் ஊரில் அந்தத் தொந்தரவு இல்லை. புத்தகத்தில் போடவில்லை.

ஏற்றுமதியில் ரிஜெக்ட் ஆன ஆரஞ்சு நிற விளையாட்டு பனியனின் வலைத்துணியை வெட்டி, தகட்டின் உள்பக்கம் இழுத்துக் கட்டினார் காஜாக்காரர். சரசக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, பிரேக்குக்கு ஜட்டி போட்டு உட்டுட்டீங்களா?"

"பஞ்சு போவாது புள்ள."

"வர்ற மாசம் ஆர்.சி. புதுப்பிக்கோணுமல்லங்க? பிரேக் இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணுனா வண்டி இருக்கட்டும். இல்லீன்னா நேரா காயலாங்கடை. வாத்தியாருங்க, நீங்கதான் சாட்சி."

காஜாக்காரர் முகம் செத்துவிட்டது. இரண்டு நாள் டிரில் ஓடவில்லை. அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குறித்த நாளில் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நானும் கூடப் போனேன். சாட்சியாயிற்றே. பிரேக் இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். வண்டியை ஓட்டிப் பார்த்து ஓர் அழுத்து அழுத்தினார். போட்ட கோட்டில் நின்றது. காஜாக்காரர் மூச்சு விட்டார். அப்போது இன்ஸ்பெக்டர் டார்ச்சோடு குனிந்தார்.

"என்னய்யா இது, சல்லடையா?"

"காத்தோட்டமுங்க."

"இந்த ஆரஞ்சுத் துணி?"

"பனியனுங்க. பஞ்சுக்கு."

இன்ஸ்பெக்டர் படுத்தே விட்டார். எண்ண ஆரம்பித்தார். என்னைப் போலவே விரல் மடக்கி எண்ணினார். "வலது பக்கம் முப்பத்தாறு. இடது பக்கம் முப்பத்தஞ்சு. ரெண்டும் ஏன் ஒரே மாதிரி இல்ல? என்ன லட்சணத்துல வேலை பாத்திருக்கீங்க?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் படுத்தேன். மூன்று முறை எண்ணினேன். முப்பத்தைந்துதான். மேல்பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. வலது அட்டையில் பூஜ்யத்தில் ஆரம்பித்தவன், இடது அட்டையில் பத்தில் ஆரம்பித்திருக்கிறேன். ஆறாம் வகுப்புப் பையன் செய்கிற தப்பு! முப்பத்து மூன்று வருடமாக நான் பிரம்பைத் தட்டித் திருத்திய தப்பு.

நான் எழுவதற்குள் காஜாக்காரர் முந்திக்கொண்டார்.

"நான்தானுங்க ஒண்ணு உட்டுட்டேன். வாத்தியார் சரியாத்தான் புள்ளி வெச்சுக் குடுத்தாருங்க. எனக்குக் கண்ணு மங்கலுங்க."

"கண்ணு மங்கலா? அப்ப உன் லைசென்ஸையும் எடு, பாப்போம்."

வண்டியோடு லைசென்ஸும் போகப் போகிறது. மனிதர் சட்டைப் பையில் கைவிட்டு அதை எடுத்து நீட்டுகிறார்!

"சார், அவர் கண்ணுக்கு ஒண்ணுமில்லைங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "புள்ளி வெச்சது நான். முப்பத்தஞ்சுதான் வெச்சேன். எண்ணினதுல தப்பு."

இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்க வர்றவன் எல்லாம் தப்பை அடுத்தவன் தலையில கட்டுவான். நீங்க என்னடான்னா அதுக்கு அடிச்சுக்கிறீங்க." ஃபாரத்தை விரித்தார். பிரேக் என்ற கட்டத்தில் 'சரி' என்று எழுதினார். "ஓட்டை எத்தனைன்னு எழுத இதுல இடமில்ல. போங்க. அந்த ஜட்டியை மட்டும் மாசத்துக்கு ஒருக்கா துவைங்க."

திரும்பும் வழியில் கேட்டேன். "ஒண்ணு குறையுதுன்னு எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"போட்ட அன்னிக்கேங்க."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "வாய்க்குள்ள பாட்டுப் பாடிட்டு ஊட்டுக்குப் போனீங்க. அத்தனை வருசத்துல நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்க. அதப் போயி ஒரு ஓட்டைக்காகக் கெடுப்பாங்களா?"

நெருப்பெரிச்சல் வருவதற்குள் அவர் எட்டு இடத்தில் பிரேக் அடித்தார். எட்டு முறையும் நன்றாகத்தான் பிடித்தது.