கடிக்காத செருப்பு

“தண்ணி குடிக்கிறியா பாப்பா?” என்று கேட்டாள் வரவேற்பு மேசைப் பெண்.

“வேண்டாம், இப்பத்தான் குடிச்சா,” என்றார் அப்பா.

“போன வாரம் உள்ள விளையாடினியே, பிடிச்சுதா?”

“பிடிச்சுதுன்னா இவ சொல்லிடுவாளாக்கும்! பள்ளிக்கூடத்துல வாயே திறக்கறதில்லை. வீட்லயும் தலையாட்டறதோட சரி. அதுக்குத்தானே உங்க குழு சிகிச்சைக்குக் கூட்டிட்டு வர்றேன்?”

மகள் தலையாட்டினாள். புதுச் செருப்பைக் கதவோரம் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அப்பா, கட்டில் பீரோ விற்கும் கடையில் விற்பனையாளர். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் இரட்டைக் கட்டிலை அவர் தலையில் கட்டிவிடும் சாமர்த்தியசாலி. அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு மகள். இந்த வருஷமும் பேசாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். மனுஷனுக்குத் தூக்கமே போய்விட்டது.

உள்ளே ஒரு ரப்பர் பந்து உண்டு. அது யார் கையில் இருக்கிறதோ அந்தக் குழந்தைதான் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். தன் மகள் கைக்குப் பந்து வந்ததா என்று அறிய அவர் கதவில் காதை வைத்தார்.

கணீரென்று ஒரு சிறுமியின் குரல் கேட்டது.

“எங்க வீட்ல ஒருத்தர் இருக்கார். செருப்புக் கடையில என் கால்ல செருப்பை மாட்டி, ‘கடிக்குதா’ன்னு கேட்டாங்க. ‘கடிக்கலை’ன்னு அவரே சொல்லிட்டார்! கால் யாரோடது?”

உள்ளே ஒரே சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், எந்த வீட்டு மனுஷனோ, மானம் கப்பலேறுகிறது.

சிரிப்பு அடங்கியது, குரல் அடங்கவில்லை. செருப்புக் கடை முடிந்து பல் டாக்டர் வந்தார், பல் டாக்டர் முடிந்து முடிவெட்டும் கடை. பந்தைக் கீழே வைப்பதாகவே காணோம்.

“இப்படி ஒரு வாயாடி உள்ள இருந்தா என் பொண்ணு எப்படிப் பேசுவா?” என்று மேசைப் பெண்ணிடம் பாய்ந்தார். “போய்ப் பந்தைப் பிடுங்குங்க!”

“நடுவுல யாரும் உள்ள போகக்கூடாது சார்.”

காத்திருந்த பெற்றோர் பக்கம் திரும்பினார். “யார் வீட்டுக் குழந்தைங்க அது?”

“என்னை ஏன் பாக்கறீங்க?” என்றார் மீசைக்காரர். “என் பொண்ணு கடிக்கும். பேசாது.”

“அப்ப இந்தம்மா பொண்ணாத்தான் இருக்கும்.”

மூலையில் இருந்த அம்மா சிலிர்த்துக்கொண்டு எழுந்தார். “என் பொண்ணுக்கா வாய் நீளம்? அவளுக்குக் கைதான் நீளம்!” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“விடுங்கம்மா,” என்று சமாதானப்படுத்தினார் அப்பா. “கடிக்கிறதுக்குத் திருடறது எவ்வளவோ தேவலை.”

“என்னய்யா சொன்னே?” மீசைக்காரரும் எழுந்தார். நாற்காலி ஒன்று தடாலென்று சாய்ந்தது. அந்தச் சத்தத்தில் கதவு திறந்தது. குழுவை நடத்தும் டாக்டரம்மா உதட்டில் விரலை வைத்தபடி நின்றார்.

“டாக்டரம்மா, அந்த வாயாடியை வேற குழுவுக்கு மாத்திடுங்க!” அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். “என் பொண்ணு பேசி நான் கேக்கணும்மா. நாலு வார்த்தை போதும். அது விட்டாத்தானே இவ பேசுவா?”

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள், அவர் கைக்கு அடியிலிருந்து மீசைக்காரரின் மகள் தலையை நீட்டினாள்.

“உஷ்! சும்மா இருங்க அங்கிள். உங்க பொண்ணு இன்னும் பேசி முடிக்கலை.”