தேடினால் ஒளியும் பழுது

ஒரு விடுகதை. தேடினால் இருக்காது, தேடாவிட்டால் நடுரோட்டில் வந்து நிற்கும். அது என்ன?

என் காரின் பழுது.

காருக்கு இருபத்திரண்டு வயது. ரோட்டில் ஒரு குலுங்கல் போதும். என்ஜினும் ரேடியோவும் ஒன்றாக அணைந்துவிடும். பிறகு ஒரு மௌனம். கார் தானாக உருளும். ஜன்னலில் திராட்சைப் பந்தல்கள் மெல்ல நீந்திப் போகும். மலைமேல் ஒரு மேகம் எங்களுக்காகக் காத்து நிற்கும். எனக்குக் கண் சொக்கும். சாவியை மறுபடி திருகினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

"கனவு கண்டது போதும். என்னைய ஓட்ட விடுங்க" என்பாள் என் மனைவி ரம்லத். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருஷம். ஸ்டீயரிங்கை நான் இன்னும் கொடுக்கவில்லை.

"இந்த வண்டி என் கைக்குத்தான் படியும்."

"படியுதா, படுத்துக்கிருதா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள பழுதக் கண்டுபிடிக்கிறேன். இல்லேன்னா ஸ்டீயரிங் உனக்கு!"

"சரி" என்றாள். உடனே சம்மதித்ததுதான் உறுத்தியது.

கூடலூர் எலெக்ட்ரீசியன் செல்லப்பாண்டியிடம் காரை விட்டேன். என் கொத்தில் பதினேழு சாவிகள். மோட்டார் ரூம், ஏலக்காய் குடோன், பீரோ, எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத நான்கு. கொத்து கனத்தால்தானே ஆளுக்கும் கனம்! அதை அடுத்தவரிடம் விடலாமா? கார் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் செல்லப்பாண்டியே காரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். "பேட்டரி, ஃபியூஸ், வயரு எல்லாம் பாத்தாச்சு பாய். குமுளி ரோட்டுக் குழி ஒண்ணு விடல. ஒரு தடவகூட நிக்கலயே!"

சாவி மறுபடி கொத்துக்குப் போனது.

ஞாயிறு காலை, மார்க்கையன்கோட்டையில் ரம்லத்தின் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் எங்கள் ஆறு வயது மகள் ஃபர்ஹீன். வாய்க்கால் பாலத்தில் ஒரு குலுங்கல். மௌனம். பச்சை வயலில் ஒரு கொக்கு என்னையே பார்த்தது.

"இறங்குங்க" என்றாள் ரம்லத்.

கொத்திலிருந்து கார் சாவியை மட்டும் கழற்றினாள். அதே பாலத்தில் நான்கு முறை போய்வந்தாள். பாலம்தான் குலுங்கியது. கார் நிற்கவே இல்லை.

"எப்படி?"

"சாவி போடுற இடம் தேஞ்சு கெடக்கு. குலுங்குனா உங்க அரைக்கிலோ கொத்து இழுக்குது, கரண்டு கட்டாகுது. தனிச் சாவியில செல்லப்பாண்டி அண்ணே ஓட்டுனாக, நிக்கலேல?"

"நான் சவால் விட்ட அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் கேட்டது நீங்கதானே?"

நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "ஞாயித்துக்கிழமை இன்னும் முடியல. பழுதும் தெரிஞ்சிருச்சு. அதனால நானே ஓட்டுறேன்."

ரம்லத் சிரித்தாள். சாவியை ஃபர்ஹீனின் ஒரு கையிலும், கொத்தை மறு கையிலும் வைத்தாள். "யாருக்கு எதுன்னு நீயே குடும்மா."

"அத்தா ஐஸ்கிரீம் வாங்கித் தாரேன்மா" என்றேன்.

ஃபர்ஹீன் சாவியை அம்மாவிடம் கொடுத்தாள். கொத்தை என்னிடம் கொடுத்தாள்.