பன்றி முகத்து முதலாளி

மனேஜரின் கார் திரும்பி வருவதைக் கண்டதும் இராசரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். வெக்ஸ்போர்டில் அந்த பிஸ்கற் தொழிற்சாலையின் கார்த் தரிப்பிடத்தில், ஒரு திறந்த லொறியின் ஓரமாக, வேலை முடிந்த சனத்தோடு நாடகம் பார்த்துக்கொண்டு நின்றார்.

லொறித் தட்டில் நின்றவள் கிறாசியேலா. மெக்சிக்கோ வம்சம், கலிபோர்னியாவின் சிக்கானோ நாடகக்காரி. திராட்சைத் தோட்டக் கூலிகளின் வேலைநிறுத்தத்தில் பிறந்த கூத்து அவளுடையது. வசனப் புத்தகமும் இல்லை, ஒப்பனையும் இல்லை. கழுத்தில் ஓர் அட்டை: 'முதலாளி', 'தொழிலாளி'. முதலாளிக்கு மட்டும் ஒரு பன்றி முகமூடி. பார்க்க வந்தவனையே ஏற்றி நடிக்க வைத்துவிடுவாள், கெட்டிக்காரி! ஒன்றுக்குப் போகவும் மனேஜரிடம் கெஞ்ச வேண்டிய தொழிற்சாலைக்கு இதைவிட நல்ல மருந்து ஏது?

"ஏன் அண்ணை குனியிறியள்?" என்றாள் பக்கத்தில் நின்ற அன்ரனெற். பக்கிங்கில் வேலை செய்பவள்.

"மனேஜர் வாறான் பிள்ளை! வேலை போனா மனிசியை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட ஏலாது."

லொறி விளிம்பில் அந்தப் பன்றி முகமூடி கிடந்தது. முகத்தை மறைக்க எடுத்து மாட்டிக்கொண்டார்.

"முதலாளி ரெடி!" என்று யாரோ கத்த, ஆளை அப்படியே மேலே தூக்கி விட்டார்கள். கிறாசியேலா நெஞ்சை மறைக்கிற அளவில் 'முதலாளி' அட்டையைத் தொங்கவிட்டாள். ஒளிக்கத் தெரியாமல், ஊரதிகாரி விதானையார் வீட்டிலேயே ஒளித்த கதைதான்.

குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர் வாயே திறக்கவில்லை. சனத்துக்குள்ளிருந்து தொழிலாளி அட்டையோடு ஏறி வந்த பஸ்ரியன் வயிற்றைப் பிடித்தான்.

"ஐயா, அவசரம். ஒருக்கால் போட்டு வரட்டோ?"

பதற்றத்தில் இராசரத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தார். சனம் வெடித்துச் சிரித்தது. மனேஜர் செய்வதும் அச்சொட்டாக அதுதான். பயந்துபோய் முதுகைத் திருப்பினார். அதுவும் மனேஜர்தான்! விசில் பறந்தது.

கூத்தின் முடிவில், வழக்கப்படி, கிறாசியேலா முதலாளியின் அட்டையைக் கழற்றித் தொழிலாளியின் கழுத்தில் மாட்டினாள். சனம் ஒரு கணம் மூச்சடங்கியது. பிறகு எழுந்த கைதட்டலில் லொறியே ஆடியது. முகமூடிக்குள் இராசரத்தினம் பூரித்துப்போனார்.

மறுநாள் காலை எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு மனேஜரின் அறையில் போய் நின்றார்கள். கடைசி ஆளாக இராசரத்தினமும் நின்றார். மனேஜர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. இனி ஒன்றுக்குக் கேட்காமலே போகலாம் என்று சொல்லிவிட்டார். ஒருவருடைய வேலையும் போகவில்லை.

"நாடகத்துக்கு இவ்வளவு பெலனோ!" என்று அதிசயித்தார் இராசரத்தினம். "நல்ல காலம், உள்ளுக்கை நிண்டது ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அன்ரனெற் அவரைக் கும்பிடாத குறையாகப் பார்த்தாள்.

"என்ன அண்ணை கதைக்கிறியள்? அட்டையைக் கழட்டினவுடனை நெஞ்சிலை உங்கடை வேலை பாட்ஜ், பேரோடை, படத்தோடை! அண்ணையே பயமில்லாமல் நிக்கிறார், எங்களுக்கென்ன எண்டுதானே நாங்கள் எல்லாரும் போனனாங்கள்!"